மிளகு தேடிச் செல்லும் வீரன்

டிராகன் குவெஸ்ட் 3 விளையாட்டின் நடுப்பகுதியில், போர்த்தோகா என்னும் நாட்டின் அரசன் வீரனிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறான். கிழக்கே போய்க் கருமிளகு கொண்டுவந்தால் பரிசாகக் கப்பல் தருவதாகச் சொல்கிறான். மலைக்குள் வாழும் குள்ளர் ஒருவர் மறைவழியைத் திறந்துவிட, வீரனும் கூட்டாளிகளும் பஹராத்தா என்ற ஆற்றங்கரை ஊருக்கு வந்து சேர்கிறார்கள். ஆனால் மிளகு கிடைப்பதாயில்லை. மிளகு வணிகரின் பேத்தி தானியாவைக் கொள்ளையர் கடத்திப்போயிருக்கிறார்கள். அவளை மணக்க இருக்கும் குப்தா, மீட்கப் போய்த் தானும் அகப்பட்டுக்கொள்கிறான். இருவரையும் மீட்டுக் கொண்டுவந்த பிறகு குப்தா மிளகைக் காசு வாங்காமல் கொடுக்கிறான். அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் போர்த்தோகா அரசன் சொன்னபடி கப்பலைத் தருகிறான்.

போர்த்தோகா எது, பஹராத்தா எது என்று விளக்க வேண்டியதில்லை. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த காரணமே இங்கே சிறுவர்களுக்கான கதையாகியிருக்கிறது. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே பதிவு செய்துவிட்டது. கேரளத்தின் பொன்முடி மலையடிவாரத்தில், கல்லாற்றிலும் விதுராவிலும் வீட்டுத் தோட்டத்து மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருப்பதைப் பார்த்து வளர்ந்த ஒருவர் இந்தக் கட்டத்துக்கு வந்தால், ஜப்பானியக் கற்பனை நாட்டின் வரைபடத்தில் தன் ஊர்ப்பக்கம் இருப்பதைக் கண்டுகொள்வார். ஆனால் 1988 பிப்ரவரி 10ஆம் தேதி ஜப்பானில் வெளிவந்த அந்த விளையாட்டு, அன்று அவருக்காகச் செய்யப்பட்டது அல்ல. 2024 நவம்பர் 14ஆம் தேதி ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் அதைப் புதிதாகச் செய்து உலகெங்கும் ஒரே நாளில் வெளியிட்டபோது, 36 ஆண்டுகள் கழித்து, அவரையும் எண்ணிச் செய்த வடிவில் அது வந்தது.

பழைய விளையாட்டைப் புதியவர்களுக்காகத் திரும்பச் செய்வது இன்று பெருந்தொழில். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் விற்பனைப் பேச்சாகவோ பழைய ரசிகர்களின் கோபமாகவோ முடிந்துவிடுகின்றன. எனக்கு ஓர் அளவுகோல் போதுமானதாகத் தோன்றுகிறது. மூலத்தில் இயந்திரம் கட்டாயப்படுத்தியதால் வந்தது எது, ஆக்கியவர் மனமார விரும்பி வைத்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முன்னதை விட்டுவிடலாம். பின்னதை, புதியவருக்குச் சற்றுத் தொல்லையாக இருந்தாலும் காப்பாற்ற வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் இந்த இரண்டும் மூலத்தில் தனித்தனியே கிடப்பதில்லை.

முதல் டிராகன் குவெஸ்ட் 1986 மே 27இல், எனிக்ஸ் வெளியீடாக, நிண்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டிக்கு வந்தது. கதையும் அமைப்பும் யூஜி ஹோரீ, உருவங்கள் அகிரா தொரியாமா, இசை கோயிச்சி சுகியாமா, நிரலாக்கம் கோயிச்சி நாகமுராவின் சுன்சாஃப்ட் குழு. மொத்த விளையாட்டுக்கும் கிடைத்த இடம் 64 கிலோபைட். வீரனின் உருவம் எப்போதும் நம்மைப் பார்த்தபடியே நின்றது, பக்கவாட்டில் போகும்போதும் நண்டு போலத்தான் நகர்ந்தது. திரும்பிய உருவங்களை வரைந்து வைக்க இடமில்லை. அதனால் ஒருவரோடு பேச வேண்டுமென்றால் வடக்கா தெற்கா என்று திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படியில் ஏறவும் தனிக் கட்டளை இருந்தது. கதகானா எழுத்துகளில் சுமார் 20ஐ மட்டும் வைத்துக்கொண்டு அரக்கர்களுக்கும் மந்திரங்களுக்கும் ஹோரீ பெயர் சூட்டினார். ஆட்டத்தைச் சேமிக்க வசதியில்லாததால் அரசன் 20 எழுத்துள்ள மந்திரம் ஒன்றைச் சொல்வான். அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து மறுநாள் உள்ளிட வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் அவ்வளவு நாள் உழைப்பும் போயிற்று.

இவையெல்லாம் இயந்திரத்தின் கட்டாயங்கள். இவற்றோடு சேர்ந்தே இன்னொரு விதியும் இருந்தது. போரில் வீழ்ந்த வீரன் அரசன் முன்னால் உயிர்பெற்று எழுவான். கையிலிருந்த பொன்னில் பாதி போய்விடும். பெற்ற அனுபவமும் கற்ற மந்திரமும் அப்படியே இருக்கும். இது நினைவகப் பற்றாக்குறையால் வந்ததல்ல. அமெரிக்கக் கணினிகளில் அன்று புகழ்பெற்றிருந்த விசார்ட்ரி போன்ற விளையாட்டுகள் தோல்வியைக் கொடூரமாகத் தண்டித்தன. தோற்றாலும் வளர்ந்தது வீண்போகாது என்ற கருணையை ஹோரீ வேண்டுமென்றே வைத்தார். பாதிப் பொன் போகும் என்ற பயத்தையும் வேண்டுமென்றேதான் வைத்தார். இருட்டுக் குகையில் தீப்பந்தம் அணையும் நேரத்தில், இன்னும் உள்ளே போவதா, திரும்பிவிடுவதா என்று விளையாடுபவர் தயங்கும் கணம் அந்தப் பயத்தால்தான் உண்டாகிறது. அந்தக் கணம்தான் கதை. திரையில் ஓடும் வசனம் அதற்குப் பின்னணி.

ஒரு நூலைப் பார்த்து இன்னொரு நூல் செய்வதைப் பற்றித் தமிழ் இலக்கணத்தில் தெளிவான சிந்தனை உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல், பாயிரத்திலேயே நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுக்கிறது. வழிநூல் என்பது முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போக வேண்டும். பின்னால் வருபவர் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் மரபு அழியக்கூடாது. சார்புநூல் ஒரு பகுதி ஒத்தும் ஒரு பகுதி திரிந்தும் தன் வழியே போவது. தொல்காப்பிய மரபியல் வழிநூலையே தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகப் பிரிக்கிறது. இன்றைய ரீமேக், ரீமாஸ்டர் என்ற விற்பனைப் பெயர்கள் எந்த வரையறைக்கும் கட்டுப்படாமல் புழங்குகின்றன. அவற்றைவிட இந்தப் பழைய வகுப்பே ஒவ்வொரு விளையாட்டும் என்ன செய்தது என்பதைத் துல்லியமாகக் காட்டுகிறது.

விளையாட்டுகளைத் திரும்பச் செய்யும் தொழில் அண்மையில் தொடங்கியதும் அல்ல. முதல் டிராகன் குவெஸ்ட் 1989இல் டிராகன் வாரியர் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனபோதே வீரன் நாற்புறமும் திரும்பக் கற்றுக்கொண்டான். மந்திர எழுத்துகளுக்குப் பதில் மின்கலத்தால் நினைவு காக்கும் வசதி வந்தது. 1993இல் முதல் இரண்டு பாகங்களும், 1996இல் மூன்றாம் பாகமும் சூப்பர் ஃபாமிகாமுக்காகத் திரும்பச் செய்யப்பட்டன. 1996 பதிப்பில் திருடன் என்ற தொழிலும், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குணம் வகுக்கும் முறையும் சேர்ந்தன. மூலத்தில் இடமில்லாமல் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக நின்ற தலைப்புப் பக்கத்துக்கும் அந்தப் பதிப்பில் உயிர் வந்தது. இவை வந்தபோது மூலம் மறைந்துவிட்டதாக யாரும் அழவில்லை.

சிக்கல் கூடியது பிறகுதான். 2021க்கும் 2022க்கும் இடையில் ஸ்குவேர் எனிக்ஸின் இன்னொரு தொடரான ஃபைனல் ஃபேன்டசியின் முதல் ஆறு பாகங்கள் பிக்சல் ரீமாஸ்டர் என்ற பெயரில் வந்தன. முதலில் அவற்றின் எழுத்துரு பலருக்கும் பிடிக்கவில்லை. பழைய புள்ளி உருவங்களுக்குப் பக்கத்தில் மெலிந்த நவீன எழுத்து ஒட்டாமல் நின்றது. 2023இல் வந்த அடுத்த பதிப்பில் புள்ளி எழுத்துருவையும் தேர்வாக வைத்தார்கள். அதோடு வேறு இரண்டு வசதிகளும் வந்தன. வழியில் திடீரென்று அரக்கர்கள் எதிர்ப்படுவதை முழுமையாக நிறுத்திவிடலாம். அனுபவப் புள்ளிகளைப் பல மடங்காக்கிக்கொள்ளலாம். வேலைக்குப் போய் இரவு ஒரு மணி நேரம் விளையாடுபவருக்கு இது பேருதவி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பொன்முடிக்குப் போகிறவருக்கு உச்சியின் குளிர் எப்படிப் படிப்படியாக வந்தது என்று தெரியும். நேராக உச்சியில் கொண்டு இறக்கிவிட்டால் காட்சி கிடைக்கும், உயரம் பிடிபடாது. ஆர்.பி.ஜி. எனப்படும், பாத்திரமேற்று ஆடும் ஜப்பானிய விளையாட்டுகளில் வழிப்போர்கள் தூரத்தின் அளவுகள். அடுத்த ஊர் எவ்வளவு தொலைவு என்பதை வரைபடம் சொல்வதில்லை. அங்கே போய்ச் சேரும்போது எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்பதுதான் சொல்கிறது.

2024இன் டிராகன் குவெஸ்ட் 3 இதைப் புரிந்துகொண்டவர்களின் வேலை. 2018இல் ஆக்டோபாத் டிராவலர் மூலம் ஸ்குவேர் எனிக்ஸ் உருவாக்கிய எச்.டி.-2டி என்ற பாணியில் அது அமைந்தது. முப்பரிமாண நிலமும் நீரும் வெளிச்சமும், அவற்றின் நடுவே புள்ளிகளால் ஆன சின்னஞ்சிறு மனிதர்கள். இந்தத் தேர்வு ஒப்பனைக்காகச் செய்ததல்ல. முகம் தெரியாத சிறு உருவத்துக்கு விளையாடுபவரே முகம் கொடுத்துக்கொள்கிறார். அந்த வேலையை அவரிடமிருந்து பறிக்காமலே கடலில் சூரியன் மறைவதைக் காட்டிவிட முடிகிறது.

மிளகுக் கட்டத்துக்கு இங்கே திரும்ப வேண்டும். அதுவரை கதை விளையாடுபவரைக் கைபிடித்து அழைத்துப் போகிறது. கப்பல் கிடைத்ததும் கையை விட்டுவிடுகிறது. ஆறு மணிகளைத் தேடி உலகின் எந்த மூலைக்கும், எந்த வரிசையிலும் போகலாம். மூலத்தில் வழிகாட்டி என்று எதுவும் கிடையாது. ஊர்க்காரர்கள் போகிற போக்கில் சொல்லும் ஒரு வரியைக் காது கொடுத்துக் கேட்டு நினைவில் வைத்திருக்க வேண்டும். புதிய பதிப்பு அடுத்து எங்கே போகலாம் என்று வரைபடத்தில் குறி காட்டுகிறது. வேண்டாம் என்பவர் அதை அணைத்துவிடலாம். கடினத்தை மூன்று நிலைகளாக வைத்திருக்கிறார்கள். மிக எளிய நிலையில் வீரனின் உயிர் ஒன்றுக்குக் கீழே இறங்காது, சாவே இல்லை. நடு நிலையில் ஏறக்குறைய ஹோரீயின் பழைய கணக்கு. மூன்றாவது, முள் நிறைந்த பாதை.

சாவே இல்லாத நிலையை நான் விரும்பவில்லை. அதில் பாதிப் பொன் பயமும் குகைத் தயக்கமும் இல்லை. ஆனாலும் அதை ஒரு தேர்வாக வைத்து, நடு நிலையை இயல்பு நிலையாக வைத்ததில் நேர்மை இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தையோடு சேர்ந்து கதை கேட்க விரும்பும் தாய்க்கு ஒரு கதவு திறந்திருக்கிறது, அதற்காக வீட்டை யாரும் இடித்துக் கட்டவில்லை. சேர்த்தவை மூலத்தின் போக்கிலேயே வளர்ந்தவை. அரக்கர்களோடு பழகும் புதிய தொழில், வீரனின் தந்தை ஒர்தேகாவின் பயணத்தைச் சொல்லும் காட்சிகள், வழியெங்கும் சிறு மறைவிடங்கள். தொல்காப்பியர் சொன்ன விரித்தல் இதுதான். பாத்திரத் தேர்வில் ஆண், பெண் என்பதற்குப் பதிலாகத் தோற்றம் அ, ஆ என்று வைத்ததையும், போர்வீராங்கனையின் உடையைச் சற்று மூடியதையும் குறித்துக் கடும் வாக்குவாதம் நடந்தது. எழுந்த சத்தம் அந்த மாற்றங்களின் எடையைவிடப் பெரிது.

கடினமான முடிவு வேறிடத்தில் இருந்தது. மூன்றாம் பாகத்தின் இறுதிப் பகுதியில் வீரன் ஒரு பள்ளத்தின் வழியே கீழுலகத்துக்குப் போகிறான். 1988இல் விளையாடியவர்களுக்கு அங்கே அடி வைத்ததுமே புரிந்திருக்கும். ஒலிப்பது முதல் பாகத்தின் வெளி நிலத்து இசை. இரண்டே ஆண்டுகளுக்கு முன் தாங்கள் நடந்து திரிந்த ஆலேஃப்கார்ட்தான் இது. அந்தப் பழைய கதைகளில் முன்னோனாகப் போற்றப்பட்ட வீரன் வேறு யாருமில்லை, தன் கையிலிருக்கும் இவன்தான். அந்த வியப்புக்கு மூலதனம் நினைவு. புதியவரிடம் அந்த நினைவு கிடையாது. ஸ்குவேர் எனிக்ஸ் முதலில் மூன்றாம் பாகத்தை வெளியிட்டு, முதலிரண்டு பாகங்களை 2025 அக்டோபர் 30இல்தான் தந்தது. வெளிவந்த வரிசையை விட்டுக் கதையின் காலவரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். இதனால் புதியவருக்குக் கீழுலகம் இன்னுமொரு நிலமாகவே தெரியும். பிறகு முதல் பாகத்துக்கு வரும்போது, தான் செய்த செயல்களே தொன்மமாகச் சொல்லப்படுவதை அவர் கேட்பார். ஒரு வியப்பைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியிருக்கிறார்கள். இழப்பு உண்டு என்றாலும், கணக்குப் போட்டுச் செய்த இழப்பு.

2024இன் பதிப்பு வந்தபோது, கதை, உருவம், இசை மூன்றையும் தந்த மூவரில் ஹோரீ மட்டுமே எஞ்சியிருந்தார். சுகியாமா 2021 செப்டம்பரில் மறைந்தார். தொரியாமா 2024 மார்ச் 1இல், வெளியீட்டுக்கு எட்டு மாதங்கள் முன்பு மறைந்தார். எது விரும்பி வைத்தது, எது கட்டாயத்தால் வந்தது என்று சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே வேலை முடிந்தது நல்லது.

ஆக்கியவர்களே திரும்ப வந்தாலும் வழிநூல்தான் பிறக்கும் என்று உறுதியில்லை. 1997 ஜனவரி 31இல் பிளேஸ்டேஷனுக்கு மூன்று குறுந்தகடுகளில் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7க்கு யோஷினோரி கிதாசே இயக்குநர், கசுஷிகே நோஜிமா கதையாசிரியர், தெத்சுயா நொமுரா உருவங்களை வரைந்தவர், நொபுவோ உவெமாத்சு இசையமைப்பாளர். 2015இல் அறிவித்து 2020 ஏப்ரல் 10இல் வந்த ரீமேக்கை நொமுரா இயக்கினார், கிதாசே தயாரித்தார், நோஜிமா எழுதினார். முதல் மூன்று நாளில் 35 லட்சம் பிரதிகள் போயின. ஆனால் அது மூலக்கதையின் தொடக்கப் பகுதியான மிட்கார் நகரத்தை மட்டுமே சொன்னது. மூலத்தில் ஆறேழு மணி நேரத்தில் கடந்துபோகும் நகரம், இங்கே ஏறத்தாழ 35 மணி நேரமாக விரிந்தது. தொடர்ச்சியான ரீபர்த் 2024 பிப்ரவரி 29இல் வந்தது. மூன்றாவதோடுதான் கதை நிறைவடையும்.

பழங்கலையைப் புதியவர்களிடம் கொண்டு சேர்ப்பவர்கள் பொதுவாகச் சுருக்குவார்கள். கேரளத்தின் கூடியாட்டத்தில் ஒரே அங்கம் கூத்தம்பலத்தில் பல இரவுகள் நடக்கும். பைங்குளம் ராம சாக்கியார் அதைக் கோயில் மதிலுக்கு வெளியே கொண்டுவந்து, கேரள கலாமண்டலத்தில் 1965 முதல் மாணவர்களுக்குப் பயிற்றுவித்தபோது, பொது மேடைக்கேற்பக் கால அளவைக் குறுக்க வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்தின் மார்கி அமைப்பும் அந்தக் கலையை நகரத்துப் பார்வையாளர்களிடம் சேர்த்தது. ஃபைனல் ஃபேன்டசி 7 நேர்மாறாகப் போனது. விரித்ததில் சில இடங்கள் அருமை. மூலத்தில் பெயரளவில் வந்து மடிந்த பிக்ஸ், வெட்ஜ், ஜெஸ்ஸி மூவருக்கும் வீடு, குடும்பம், ஆசை எல்லாம் கிடைத்தன. ஏழாம் வட்டாரத்தின் மேல்தட்டு இடிந்து விழும்போது யார்மேல் விழுகிறது என்று இப்போது நமக்குத் தெரிகிறது. வேறு இடங்களில் தொலைந்த பூனைகளைத் தேடும் வேலைதான் மிஞ்சுகிறது.

பெரிய குறை விரிவில் இல்லை. மூலத்தில் செஃபிரோத் என்ற எதிரியை மிட்காரில் நாம் பார்ப்பதே இல்லை. ஷின்ரா நிறுவனத்தின் கட்டடத்தில் நீளும் இரத்தத் தடமும், தலைவரின் முதுகில் செருகி நிற்கும் நீண்ட வாளும்தான் அவன் வந்துபோன அறிகுறிகள். அவன் உருவத்தை மறைத்தே அச்சத்தை வளர்த்தார்கள். அது நினைவகப் பற்றாக்குறை செய்த வேலை அல்ல. ரீமேக்கில் அவன் தொடக்க அத்தியாயங்களிலேயே கண்முன் தோன்றுகிறான், பழைய ரசிகருக்கு அவன் முகம் ஏற்கெனவே மனப்பாடம் என்பதால். விதியைக் காக்கும் சாம்பல் நிற ஆவிகள் கதை மூலத்தைவிட்டு விலகும்போதெல்லாம் வந்து தடுக்கின்றன. இறுதியில் நாயகர்கள் அந்த ஆவிகளையே எதிர்த்துப் போரிடுகிறார்கள். மூலத்தை அறிந்தவருக்கு இது கிளர்ச்சியூட்டும் கற்பனை. ஆக்கியவர்கள் தங்கள் புகழோடு தாங்களே மல்லுக்கு நிற்கிறார்கள். மூலத்தை அறியாதவருக்கு எந்த விதி மீறப்படுகிறது என்றே விளங்காது. நன்னூல் வகைப்படி இது சார்புநூல். சார்புநூலாக மதிப்புடையது. புதியவர்கள் கதையை முதன்முதலாக அறிந்துகொள்ள ஏற்ற நூல் அல்ல. அவர்களுக்கு 1997இன் மூலத்தையே நான் சொல்வேன். கட்டை உருவங்களோடும் குரலில்லாத வசனங்களோடும் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது.

விற்பனையில் இருப்பது இந்தத் துறையில் அபூர்வம். விடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று காட்டியது. 1988இன் சில்லுப் பெட்டிக்குள் ஆட்டத்தின் நினைவைக் காத்த சிறு மின்கலம் தீர்ந்ததும் நினைவும் போய்விடும். நிறுவனங்களே தங்கள் மூலக் கோப்புகளைத் தொலைத்திருக்கின்றன. முதல் கிங்டம் ஹார்ட்ஸின் மூலத் தரவுகள் தொலைந்துபோனதால், 2013இல் வந்த பதிப்புக்காகப் பெரும்பகுதியைப் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. முதனூல் இருக்கும்வரைதான் ஒன்றை வழிநூல் என்று சொல்ல முடியும். புதிய பதிப்பை வெளியிடும் நிறுவனம் பழையதையும் பக்கத்தில் விற்க வேண்டும் என்பதைக் கட்டாயமாகவே ஆக்கலாம்.

மொழிபெயர்த்தலையும் வழிநூலில் ஒரு வகையாகத் தொல்காப்பியர் சேர்த்தது இந்தத் துறைக்கு மிகவும் பொருந்துகிறது. தகாஷி தொகிதா இயக்கி 1994இல் வந்த லைவ் எ லைவ், 28 ஆண்டுகள் ஜப்பானைவிட்டு அதிகாரபூர்வமாக வெளியே வரவில்லை. அதுவரை ரசிகர்கள் தாங்களே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் மற்ற நாட்டவர் அதை விளையாடினர். 2022 ஜூலையில் எச்.டி.-2டி பாணியில் திரும்ப வந்தபோது, ஜப்பானுக்கு வெளியே அது ஏறக்குறைய புது விளையாட்டாகவே வரவேற்கப்பட்டது. புதியவர்களைத் தடுத்தது கடினமோ பழைய படங்களோ அல்ல, மொழிதான்.

நம் பக்கம் இது இன்னும் உண்மை. 1990களில் தமிழ்நாட்டு வீடுகளிலும் கேரளத்து வீடுகளிலும் ஃபாமிகாமின் போலிப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் மரியோவும் கான்ட்ராவும் ஓடின. ஒரு வரிகூடப் படிக்காமல் அவற்றை ஆடி முடித்துவிடலாம். டிராகன் குவெஸ்ட் படிக்கத் தெரிந்தவர்களுக்கான விளையாட்டு, கிழவி சொல்லும் ஒரு வாக்கியத்தில்தான் அடுத்த வழி ஒளிந்திருக்கும். அதனால் அந்தப் பெட்டிகள் எத்தனை விற்றும் அது நம் வீடுகளுக்குள் வரவில்லை. 2024இன் பதிப்பில் ஜப்பானியம், ஆங்கிலம், சில ஐரோப்பிய மொழிகள், கொரியம், சீனம் எல்லாம் உண்டு. பஹராத்தாவின் மொழி ஒன்றுகூட இல்லை, தமிழும் மலையாளமும் இல்லை.

விளையாட்டில் தமிழ் நிற்கும் என்பதை டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா காட்டிவிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையே அதன் களம். சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைச் செப்பம் செய்துகொண்டே கதை நகர்கிறது. 2024இல் சிறந்த முதல் விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் அது சில மணி நேரத்தில் முடியும் சிறிய ஆக்கம். டிராகன் குவெஸ்ட் 3இல் ஊர் ஊராக நூற்றுக்கணக்கானவர்கள் பேசுகிறார்கள். அதைத் தமிழாக்க நாவல் பெயர்ப்பவரின் பொறுமையும் வட்டார வழக்கறிவும் வேண்டும். போர்த்தோகா அரசன் ஒருவிதமாகவும் மலைக்குள் வாழும் குள்ளர் வேறுவிதமாகவும் பேச வேண்டும். குப்தா மிளகு கொடுக்கும்போது சொல்லும் நன்றி நம் ஊர்க் கடைக்காரர் சொல்வதாகவே இருக்க வேண்டும்.

எழுத்தைத் திரையில் காட்டுவது தடையாக இருக்கும் என்ற பேச்சை இனி ஏற்க முடியாது. 1986இல் 20 எழுத்துக்கே இடம் தேட வேண்டியிருந்தது. இந்தப் பதிப்போ அன்ரியல் என்ஜினில் செய்யப்பட்டது. அந்த என்ஜின் எழுத்துகளைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரலைப் பயன்படுத்துகிறது. கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் சரியாக வந்து அமைய அது போதும். மெனுச் சொற்கள் ஜப்பானியத்தைவிடத் தமிழில் நீளும் என்பதால் பெட்டிகளைச் சற்று அகலமாக்க வேண்டியிருக்கும். ஜெர்மன் பதிப்புக்கும் அதே வேலையைச் செய்திருப்பார்கள்.